அளவுச் சட்டை

பதுளையில் நான் தையல் கடை வைத்திருந்தபோது, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அளவு கொடுக்க நேரில் வரமாட்டார்கள். தீபாவளி நெருங்கினால், டவுனுக்கு வருகிறவரிடம் துணியையும், "நம்ம கங்காணி உடம்புதான், வயிறு மட்டும் கொஞ்சம் கம்மி" என்ற சேதியையும் கொடுத்தனுப்புவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் கறாராகச் சொல்லிவிட்டேன்: சரியாக இருக்கிற பழைய சட்டை ஒன்று கூடவே வந்தால்தான் துணியில் கத்தரி வைப்பேன்.

தெமோதரையிலிருந்து ஒருவர் அருமையான சட்டை அனுப்பினார். நூல் பிசகாமல் அதே அளவில் தைத்தேன். தீபாவளி முடிந்ததும் புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். சட்டைக் கைக்குள்ளிருந்து விரல்கள்கூட வெளியே தெரியவில்லை.

"அனுப்பின சட்டை யாருதுங்க?"

"லயத்து வரிசையில பக்கத்து வீட்டுக்காரருதுங்க. அவருக்கு அம்சமா இருக்கும்."

"உங்களுத ஏன் அனுப்பல?"

"சரியா இருக்கிற சட்டைதானே கேட்டீங்க? என்கிட்ட உள்ளதெல்லாம் நீங்க தைச்சதுங்க."