வண்டிக்குப் பின்னால் தெளித்த பால்

மகன் உலான்பாதரில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு மங்கோலியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, போன மாசியில் அவளைக் கடலூருக்கு அழைத்து வந்தான். அவர்கள் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே நான் ஒரு நோட்டு வாங்கி, போனில் பார்த்துப் பார்த்து அவள் மொழியைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆசையில் இல்லை, பயத்தில். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எனக்குப் புரியாமல் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

படிக்கப் படிக்க மிதப்பு ஏறியது. 'சைன் பைன ஊ' என்றால் நல்லா இருக்கீங்களா. 'பயர்லலா' என்றால் நன்றி. 'பி ஹோல் இத்சன்' என்றால் நான் சாப்பாடு சாப்பிட்டேன். சொல்லுக்குச் சொல் நம் வரிசைதான், வினை கடைசியில்தான் வருகிறது. அவர்களுடைய பழைய எழுத்தை மேலிருந்து கீழாக எழுதுவார்களாம். வந்ததும் மருமகள் எழுதிக் காட்டினாள், கொடி தொங்குகிற மாதிரி இருந்தது. அவளும் என் மகனிடம் தமிழ் படித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். பழக்கவழக்கமும் அப்படித்தான். வாசப்படியை மிதிக்க மாட்டாள். பெரியவர்களிடம் எதை நீட்டினாலும் வலது கையால் நீட்டுவாள், இடது கை முழங்கையைத் தாங்கியிருக்கும். டீயில் உப்புப் போட்டுக் குடித்ததைத் தவிர குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. நம்ம ஆளுங்கதான், கொஞ்சம் குளிர் ஜாஸ்தியான ஊர், அவ்வளவுதான் என்று நாத்தனாரிடம் பெருமையடித்தேன்.

அதற்குள் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. குடிகாடு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று இடத்தில் அடைப்பு, சிதம்பரத்தில் பைபாஸ் செய்துவிடலாம், ஆனால் சுகர் இருப்பதால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து என் கை கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பையை நாலு தடவை பிரித்து நாலு தடவை அடுக்கினேன். தூங்குகிறவர் நெஞ்சில் கை வைத்து வைத்துப் பார்த்தேன்.

கிளம்பிய காலையில் நாத்தனார் எதிரே தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்று கேட்டைச் சாத்தி வைத்திருந்தோம். மகன் முன்சீட்டில், நாங்கள் இருவரும் பின்னால். கார் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். மருமகள் தெருவில் இறங்கி, டம்ளரில் இருந்த பாலைக் கரண்டியால் எடுத்து எங்கள் வண்டிக்குப் பின்னால் தெளித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கம் பால் தெளிப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். எரித்த மறுநாள், சுடுகாட்டில், சாம்பல் மேல்.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன். "ஆளு உசுரோட போறாரு, அதுக்குள்ள பால் தெளிக்கிறியா?" என்று டம்ளரைத் தட்டிவிட்டேன். பால் முழுக்கத் தரையில் போனது. அவளுக்கு அந்த வேகத்தில் என் பேச்சு புரிந்ததோ இல்லையோ, கை புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு தரையையே பார்த்தாள்.

ஆலப்பாக்கம் தாண்டியதும்தான் மகன் திரும்பாமலே சொன்னான். அவர்கள் ஊரில் வீட்டை விட்டு யாராவது தூரம் கிளம்பினால், பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்று அம்மாதான் பின்னால் பால் தெளிப்பாள்; அம்மாவான நானே கூடப் போவதால் எனக்குப் பதில் அவள் செய்திருக்கிறாள்.

"அவுங்க ஊர்ல பால கீழ கொட்டுறதுதாம்மா கெட்ட சகுனம். அத நீதான் கொட்டுன."

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடு, எனக்குத்தானே தெளித்தாள், எனக்கொன்றும் தப்பாகத் தெரியவில்லை என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

மறுநாள் அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனதும் ஆஸ்பத்திரி நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நடராஜரை வேண்டிக்கொள்ளப் பார்த்தால் மனதில் பால்தான் ஓடியது. எந்த ஊர்ச் சகுனம் பலிக்கும்? அவள் தெளித்ததா, நான் கொட்டியதா? அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் கையால் ஆனது என்று எனக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

மதியத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். மகன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, மருமகளைக் கூப்பிடப் போனைத்தான் தேடினேன். இரண்டு மாதம் படித்தும் மன்னிப்புக் கேட்கிற வார்த்தையை நான் படித்திருக்கவில்லை. கேட்கவேண்டி வரும் என்று தோன்றவேயில்லை. மாமா நல்லா இருக்காரு என்று தமிழிலேயே சொன்னேன். மறுமுனையில் அழுகிற சத்தம். பொறுத்துப் பார்த்து, கீழே பால் கொட்டிவிட்டால் உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"விரல்ல தொட்டு நெத்தியில வைக்கணும், அத்த. கொட்டுனவங்கதான் வைக்கணும். நீங்க கார்ல போயிட்டீங்க. அதான், உங்களுக்குப் பதிலா நான் வச்சிக்கிட்டேன்."