யோகன் அண்ணை மேல் நிற்கும் என் வழக்கு

என் பெயரில் இருக்க வேண்டிய குற்றம் இன்னொருவர் பெயரில் இருக்கிறது. அதை அப்படியே இருக்க விட்டவன் நான்.

விமான நிலையத்தில் பயணிகளின் பொதிகளை ஏற்றி இறக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். பாதுகாப்பு அனுமதி அட்டை இல்லாமல் உள்ளே காலடி வைக்க முடியாது. பொலிஸ் பதிவில் என்மேல் ஒன்றும் இல்லாததால் எனக்கு அது சுலபமாகவே கிடைத்தது. ஒன்றும் இல்லை... எப்படி இருக்கும்?

நான் பள்ளிக்கூடம் முடித்த வருடம் அது. கரவெட்டியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடி கட்டிக்கொண்டிருந்தோம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அப்பாவின் உழவு இயந்திரத்தில் மணல் ஏற்றப் போனோம். ஓட்டியது நான். வெட்டி ஏற்றியது எங்கள் தோட்டத்தில் கூலிக்கு நின்ற யோகன் அண்ணை. விடியற்காலையில் பொலிஸ் ஜீப்பைக் கண்டதும் நான் பனங்கூடலுக்குள் பாய்ந்து ஓடிவிட்டேன். அவர் ஓடவில்லை. மண்வெட்டியோடு அப்படியே நின்றார்.

ஓட்டியதும் தானே என்று அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்வது, தண்டத்தை நாங்கள் கட்டுவது... அப்பா அன்றே பேசி முடித்தார். நீங்கள் திகைக்கலாம். எங்கள் பக்கம் மணல் வழக்கென்றால் அப்படித்தான் நடக்கும். முதலாளிக்காக வேலையாள் கூண்டில் ஏறுவான். தண்டம் கட்டியதும் வழக்கு முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பதிவு என்று ஒன்று மிஞ்சும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. யோகன் அண்ணையும் யோசிக்கவில்லை!

போன வருடம் எங்கள் பகுதியில் பொதி வண்டி ஓட்ட ஆள் எடுத்தார்கள். யோகன் அண்ணைக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. மண்வெட்டி பிடிக்க முடியாது, இருந்து ஓட்டலாம். விண்ணப்பித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, என்னைப் பற்றி உன்னட்டையும் விசாரிப்பினம். உன்ரை பேரை இழுக்க வேண்டாம். மண் உங்கடை வீட்டுக்கு எண்டும், கொப்பர் சொல்லித்தான் நான் போனனான் எண்டும் சொன்னால் காணும். அவரும் இப்ப இல்லைத்தானே."

"ஓம் அண்ணை, சொல்லுறன்" என்றேன். சொல்லும் எண்ணம் அப்போது இருந்தது. சத்தியமாக இருந்தது!

சிவில் உடையில் வந்த அதிகாரி, "உவர் ஆள் எப்பிடி?" என்று மட்டுமே கேட்டார்.

"தெரிஞ்ச ஆள்தான். மண் கேஸ் ஒண்டு இருந்ததெண்டு கேள்வி."

கேள்வியாம்! நானே ஓட்டிய உழவு இயந்திரம்... அப்பாவின் பெயரை எடுத்தால், அப்படியானால் ஓட்டியது யார் என்று தோண்டுவாரோ, என் அட்டை பறிபோகுமோ என்று பயந்தேன். அவர் தோண்டியிருப்பாரா? தெரியாது. தோண்டியிருந்தால்தான் என்ன? கோழை நான், வேறென்ன சொல்ல!

யோகன் அண்ணைக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

மனம் கேளாமல் பார்க்கப் போனேன். யாருடைய தோட்டத்திலோ வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"நீ உள்ளதைச் சொல்லியும் அவங்கள் நம்பேல்லைப் போலை. அது கிடக்கட்டும். என்னாலை உனக்கு ஒரு பிரச்சினையும் வரேல்லைத்தானே, தம்பி?"

"இல்லை அண்ணை" என்றேன்.

உண்மைதான், ஒன்றும் வரவில்லை. நாளையும் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன்.