சாக்கு அலசிய கண்மாய்

கண்மாய்த் தண்ணீருக்குள் கையை விட்டு எடுத்தால் மணிக்கட்டு வரைக்கும் வெள்ளி பூசியதுபோல் மினுங்கும்; கொஞ்ச நேரத்தில் அரிக்கவும் தொடங்கும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில், சாத்தூருக்கு மேற்கே இருந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாங்கள் அதை "வெள்ளித் தண்ணி" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, கன்னத்தில் தடவி ராணி வேஷம் கட்டுவோம். கூறுகெட்ட பிள்ளைகள், வேறென்ன சொல்ல!

அந்த வெள்ளி எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம்; அவர் சாக்கு வியாபாரி. தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் மருந்து தீர்ந்த காலிச் சாக்குகளை லோடு லோடாக வாங்கிவந்து, ஆள் வைத்துக் கண்மாயில் அலசி, கரையில் காயப்போட்டு, மிளகாய் வத்தல் கட்டவும் ஆட்டுக் கொட்டகைக்கு மறைப்பு வைக்கவும் விற்பார். அலுமினியப் பொடி மேலே மிதந்து மினுங்கும். கம்பெனிக்காரர்கள் "பச்சை உப்பு" என்று சொல்லும் வெடிமருந்து உப்போ கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகும். "அம்புட்டுப் பெரிய கம்மாய்ல சாக்குல ஒட்டுன உப்பு என்ன செஞ்சிரும்?" என்பார் அத்தா. ஊரும் அப்படித்தான் நம்பியது.

ஒரு கோடையில் கண்மாய் வற்றிக் குட்டையாகச் சுருங்கிக் கிடந்தது; சாக்கு வரத்து மட்டும் குறையவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அத்தை, கணவரை இழந்தபின் ஒரே ஒரு கறவை எருமையை நம்பிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். அன்று காலையில் குட்டையில் தண்ணீர் குடித்த அந்த எருமை, கரையேறுவதற்குள் கால் மடங்கி விழுந்து, நாக்கைத் தள்ளிக்கொண்டு மூச்சுக்குத் திணறியது. "பாம்பு கொத்திருச்சு" என்று கூட்டம் கூச்சல் போட்டது. அத்தா மொபெட்டில் பறந்துபோய் மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார்.

டாக்டரும் பாம்புக் கடிக்குத்தான் மருந்தைத் தேடிக்கொண்டிருந்தார். அத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். பிறகு ஊர் மொத்தமும் கேட்க, "சார், பாம்பு இல்ல. காலையில இங்கனதான் மருந்துச் சாக்கு அலசுனோம்" என்றார். ஊரே சேர்ந்து அத்தாவை அடித்துவிடுமோ என்று பயந்து, அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் எருமையின் காதில் ஊசியால் குத்திப் பார்த்தார். ரத்தம் காப்பி டிகாஷன் நிறத்தில் வந்தது; "உப்பு விஷந்தான்" என்றார். உடனே பையிலிருந்து மை போன்ற நீல மருந்தை எடுத்துக் கழுத்து நரம்பில் ஏற்றினார்.

வெயில் சாயும் நேரத்தில் எருமை தலையைத் தூக்கியது. தட்டுத் தடுமாறி எழுந்து நின்று, வாலைத் தூக்கி, ஏற்றிய மருந்தின் நிறத்தில் பச்சையும் நீலமுமாக ஒரு மூத்திரம் பெய்தது பாருங்கள், கரையே சிரிப்பில் அதிர்ந்தது! அதுவரை அழுதுகொண்டிருந்த பேச்சியம்மா அத்தையும் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தாள். "ஏன் பாய், தீவாளி வெடிய ஊரெல்லாம் ஆகாசத்துல விடும். நீங்க என் எரும வயித்துல விட்டீகளே!"

"இனி ஒரு சாக்கு இந்தத் தண்ணியில நனையாது, தங்கச்சி" என்றார் அத்தா.

அந்த வருஷம் கண்மாயின் கரம்பை என்னும் வண்டல் மண்ணை யாரும் உரமாக வயலுக்கு அள்ளவில்லை. மினுங்கிய மேல்மண்ணை அத்தாவே டிராக்டர் பிடித்து வழித்து, கம்பெனியின் கழிவுக் குழிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு அட்டைப்பெட்டி வியாபாரத்துக்கு மாறிவிட்டார். அடுத்தடுத்த மழைகளில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. காணாமல் போயிருந்த கெண்டையும் கெளுத்தியும் மெல்லத் திரும்பி வந்தன.

போன மாதம் ஊருக்குப் போனபோது அந்த வெள்ளியைத் தேடினேன், இல்லை. கலங்கல் தண்ணீர், பாசி, மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும் எருமைகள், இவ்வளவுதான். இல்லாமல் போனதைப் பார்த்து இப்படி ஒரு நிம்மதி எனக்கு வேறெங்கும் வாய்த்ததில்லை. கரையில் நின்ற பேச்சியம்மா அத்தை, என்னோடு வந்த அத்தாவைப் பார்த்ததும் வழக்கம்போல் ஆரம்பித்தாள். "வாங்க பாய், அந்த எருமையோட பேத்திதான் அங்கன கெடக்கு. மோளுறது எல்லாம் சரியான கலர்லதான் இருக்கு, பயப்படாதீக!"

அத்தா சிரித்தார். ஆனால் சிரிப்பதற்கு முன்னால் குனிந்து தண்ணீரில் கையை விட்டு எடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.