ஒடெட்டின் பட்டமும் மேட்டு ரோட்டுக் கிராவலும்

ஒடெட் லாமரூ வாங்கிய அரசியல் அறிவியல் பட்டத்துக்கு எவ்வளவு செலவாயிற்று என்பது அவள் ஊரில் மாடுகளுக்குக்கூடத் தெரியும். அவளுடைய பெரியப்பா ஆர்மண்ட் பால் கறக்கும்போதெல்லாம் அதை வட்டியோடு சொல்லிப் புலம்புவார். கேட்டுக் கேட்டு ஒரு பசு ஒருநாள் திரிந்த பாலே கறந்தது என்பார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மலைக்காரர்கள் பொய் சொல்லமாட்டார்கள். கொஞ்சம் நீட்டிச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

கணக்கென்னவோ பெரியப்பா சொன்னதுதான். காலையில் ஊராட்சி அலுவலகத்தில் நாய்களுக்கு லைசென்ஸ் எழுதுவாள், மதியம் கடையில் சாண்ட்விச் போடுவாள். இரண்டு சம்பளத்தையும் சேர்த்தால் படிப்புக் கடனின் தவணை போக வாடகையும் ரொட்டியும் மிஞ்சும். அவளோடு பள்ளியில் படித்து, குழாய் வேலைக்குப் போன ஜைல்ஸ் புது டிரக் வாங்கி, பழைய டிரக்கையும் வைத்திருந்தான்.

அந்த நேரத்தில்தான் தெற்கே பெரிய ஊரிலிருந்த இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்று அவளுக்கு வேலை தருவதாகச் சொன்னது. இரட்டிப்புச் சம்பளம். செவ்வாய்க்கிழமைக்குள் பதில் வேண்டும். அந்தச் செவ்வாய் மார்ச் மாத முதல் செவ்வாய், ஊரார் எல்லோரும் கூடி ஊர்ச் செலவுகளுக்கு ஓட்டுப்போடும் ஊர்க்கூட்டம் நடக்கும் நாள். ஒடெட்தான் கூட்டத் தலைவி. போன வருடம் காபி எடுக்க அவள் எழுந்துபோன நேரத்தில் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது, மரச்சுத்தியல் ஒன்று உண்டு.

பள்ளிக்கூட ஜிம்மில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவளிடம் பெரியப்பா வந்தார்.

"போன் பண்ணிட்டியா, மேதாவி?"

"இன்னும் இல்ல பெரியப்பா."

"நாலு வருஷம் அரசாங்கத்தப் பத்திப் படிச்சுட்டு நாய்க்கு லைசென்ஸ் போட்டுக்கிட்டிருக்க. அந்த நாயே உன்னப் பாத்துப் பரிதாபப்படுது. போம்மா, போய்ப் பொழைச்சுக்கோ."

பரிகாசத்துக்கு அடியில் அக்கறையும் இருந்தது. அதுதான் ஒடெட்டைக் குடைந்தது. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் போன் செய்து சரி என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு மேடையேறினாள்.

ஆறாவது தீர்மானம் ரோட்டுச் செலவு. ஆர்மண்ட் எழுந்தார். மண் ரோடுகளில் கிராவல் சரளை கொட்டும் செலவைப் பாதியாக வெட்டவேண்டும் என்றார். வரி ஏறியிருந்த வருடம் அது. எல்லோருக்கும் பசி வேறு. கைகள் உயர்ந்தன, வெட்டு நிறைவேறியது.

ரோட்டு மேஸ்திரி லெஸ்டர் தாடியைச் சொறிந்தான். "அப்பச் சரி. இந்தக் காசுக்குப் பாதி ரோடுதான் ஆகும். மேட்டு ரோட்ட விட்டுடறேன்."

மேட்டு ரோட்டின் உச்சியில்தான் ஆர்மண்டின் பண்ணை. பனி உருகும் ஏப்ரலில் அந்தச் சேறு லேசுப்பட்டதல்ல. ஒரு வருடம் அதில் புதைந்த தபால் ஜீப், மறு வருடம் பக்கத்து ஊர் உருளைக்கிழங்கு வயலில் முளைத்ததாகச் சொல்வார்கள். கிராவல் இல்லையென்றால் பால் லாரி ஏறாது. லாரி ஏறாவிட்டால் கறந்த பாலைக் கீழே கொட்டவேண்டியதுதான்.

"ஏய், இரு! மறுபடி ஓட்டு எடு!" என்று கத்தினார் ஆர்மண்ட்.

வெட்டுக்கு எதிராகக் கை தூக்கிய வின்ஸ்லோ எழுந்தான். "நான் கேக்கறேன், மறுபடி எடுங்க."

"நீங்க கேக்க முடியாது, வின்ஸ்லோ. உக்காருங்க" என்றாள் ஒடெட்.

ஏழாவது தீர்மானத்தை வாசிக்க எழுத்தர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பேச்சு அதற்குள் நுழைந்துவிட்டால் ஆறாவதைத் திரும்பத் தொடமுடியாது. சுத்தியலைத் தட்டினால் போதும். வருடக்கணக்கில் கேட்ட ஏச்சுக்கெல்லாம் பதில் சொன்னதாகிவிடும். ஒடெட் அந்த எண்ணத்தை மிட்டாய்போல் ஒரு கணம் வாயில் வைத்துச் சப்பினாள். பிறகு விழுங்கிவிட்டாள்.

"எழுத்தரம்மா, கொஞ்சம் பொறுங்க. முடிஞ்ச தீர்மானத்தத் திரும்ப எடுக்கலாம். ஆனா ஜெயிச்ச பக்கம் ஓட்டுப்போட்டவங்கதான் கேக்கணும். இப்பவே கேக்கணும்."

ஜெயித்த பக்கத்துக்காரர்கள் எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். ஆர்மண்ட் தொப்பியைக் கழற்றினார்.

"ஒடெட்டு..."

"கூட்டத் தலைவர்கிட்ட பேசுங்க, ஐயா."

ஜிம் அதிரச் சிரித்தது. அவர் காது சிவந்துபோயிற்று. "தலைவர் அவர்களே, ஆறாவது தீர்மானத்தத் திரும்ப எடுக்கணும்னு கேட்டுக்கறேன். நான் ஒரு முட்டாள்ங்கறதையும் சேத்து எழுதிக்கலாம்."

"அதுக்குத் தனித் தீர்மானம் வேணும்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

கிராவல் திரும்பி வந்தது.

சாப்பாட்டு வேளையில் பெரியப்பா அவித்த பீன்ஸ் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தார். "கொட்டாமத் தப்பிச்ச பாலு இருக்கே, அத உன் படிப்புச் செலவுல கழிச்சுக்கோ."

"கழிச்சாலும் நஷ்டம்தான், பெரியப்பா."

"நஷ்டந்தான்" என்று ஒப்புக்கொண்டு தன் தட்டிலிருந்த மேப்பிள் பாகுப் பலகாரத்தை அவள் தட்டுக்குத் தள்ளினார். "இருந்தாலும் அந்த வின்ஸ்லோவ உக்கார வச்ச பாரு! அதுக்கு எவ்வளவு போடலாம்?"

ஒடெட் அதைத் தின்று முடித்துவிட்டு எழுந்தாள். வராந்தாவுக்குப் போய்க் கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"சம்பளம் பத்தலியாம்மா?" என்றாள் போனில் அந்தப் பக்கம் பேசிய பெண்.

"தாராளங்க. நான்தான் இங்கயே இருந்துடறேன்."

"நல்லாக் கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க. நஷ்டம்" என்றாள் ஒடெட். கடன் தீர்வதற்குள் அவள் தலையில் நரை விழுந்துவிட்டது என்பது பிறகு நடந்த கதை. அப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம், சுத்தியலை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம், உள்ளே யாரோ அதை எடுத்துத் தட்டிப் பார்க்கிறார்கள் என்பதுதான். போனை வைத்துவிட்டு ஓடினாள்.