ஐம்பது மீட்டர்க்காரனின் புகழ்

ஐம்பது மீட்டர் ஃப்ரீஸ்டைலில் மாநில அளவில் நான் முதலாவதாக வந்தபோது, காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கவுன்சிலர் படம் பெரிது. என் படம் அவர் முழங்கைக்குக் கீழே. அதுவரை எங்கள் காலனிப் பக்கமே வராதவர்கள் அப்பாவின் வெல்டிங் பட்டறைக்கு வந்து என்னோடு செல்ஃபி எடுத்தார்கள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அந்த மழைக்காலத்தில் தாமல் ஏரியில் குளிக்கப்போன கல்லூரி மாணவன் ஒருவன் மூழ்கிவிட்டான். கவுன்சிலரின் ஆள் பைக்கில் வந்து நின்றார்.

"வாப்பா, ஏரியில பாடி மாட்டிக்கினு இருக்குது. நீதான் எடுக்கணும்."

"அண்ணே, நான் தண்ணி மேல நீந்தறவன். முங்கித் தேடறது வேற. ஃபயர் சர்வீஸக் கூப்புடுங்க."

"அவங்க வர்றதுக்கு லேட்டாவும்பா. ஊரே உன்னத்தான் நம்பிக்கினு இருக்குது."

போனேன். பந்தயக் குளத்தில் அடியில் கறுப்புக் கோடு தெரியும். இருபத்துநாலு வினாடியில் எல்லாம் முடிந்துவிடும். ஏரியில் என் கையே எனக்குத் தெரியவில்லை. கருவேல முள் தொடையைக் கிழித்தது. ஐந்தாவது முறை முங்கியபோது விரலில் தலைமுடி தட்டுப்பட்டது.

கரைக்குக் கொண்டுவந்தேன். அந்தப் பையனின் அம்மா என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மற்றவர்கள் கைதட்டினார்கள், தட்டிவிட்டு விலகி நின்றார்கள். டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ்; எனக்கு மட்டும் பேப்பர் கப்.

மறுவாரம் காதில் சீழ் வைத்தது. ஒரு மாதம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார் டாக்டர். தேசியப் போட்டிக்கான தேர்வு அந்த மாதத்தில்தான் நடந்தது. "உன்ன யாரு அங்க போகச் சொன்னது?" என்று கோச் போனில் கத்தினார்.

நான்கு மாதம் கழித்து கவுன்சிலரின் அதே ஆள் மறுபடி பட்டறைக்கு வந்தார். ஓரிக்கை பக்கம் பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளத்துத் தண்ணீரில் யாரோ மூழ்கிச் செத்துவிட்டார்களாம். நான் வரவில்லை என்றேன்.

"பேரு வந்ததும் திமிரு வந்துடுச்சா? உங்க ஆளுங்க காலங்காலமா செய்யற வேலதானே இது?"

"உங்க பையனும்தான் நீச்சல் கிளாஸுக்குப் போறான். அவன அனுப்புங்கண்ணே."

அவர் கை ஓங்கினார். அப்பா வெல்டிங்கை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். ஓங்கிய கை தானாக இறங்கியது.

அன்றைக்குத் தீயணைப்பு வண்டி அரை மணி நேரத்தில் வந்து உடலை எடுத்தது. அரை மணி நேரம்! தாமலுக்கு யாரும் அவர்களைக் கூப்பிடவே இல்லை என்பது அந்த வண்டியில் வந்தவர்களை விசாரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஆண்டுத் தேர்வில் நான்காவதாக வந்தேன். மூன்று பேரைத்தான் எடுத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில், "வுடுப்பா, நடந்தது நடந்துபோச்சு" என்றார் அப்பா.

நான் இன்னும் விடவில்லை.