விடுதித் தடாகத்தின் வெள்ளைப் படை

எண்பதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சியில் ஒரு அரசாங்க விடுதிக்கு நான் பொறுப்பாக இருந்தேன். அதன் பின்பக்க மேட்டில், எப்போதோ இருந்த அதிகாரி ஒருவர் கட்டுவித்த சிறிய நீச்சல் தடாகம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு அதன் சுவரெல்லாம் தடிப்பாகப் படிந்து கல்லாகியிருந்தது.

அதைத் துப்புரவாக்க வந்த மேசன் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். உளியால் மெதுவாகக் கொத்தினால் ஒரு கிழமை பிடிக்கும் என்றார். எனக்குப் பொறுமை இல்லை. அசிட் வாங்கிக் கொடுத்தேன்.

"ஐயா, இது சிமெந்தையும் தின்னுடுங்க."

"ஒண்டும் நடவாது, ஊத்துங்கோ."

சுண்ணாம்புப் படை நுரைத்துக் கரைந்தது. பின்னேரம் சுவர் புதிதுபோல் இருந்தது. கழுவிவிட்டு, இரண்டு நாள் பம்ப் போட்டுத் தண்ணீர் நிரப்பினோம்.

மறுநாள் காலை பல் தீட்டியபடி போய்ப் பார்த்தேன். தடாகத்தில் தண்ணீரே இல்லை. பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. கீழே குசினியிலிருந்து சமையல்கார அக்கா கத்தினா.

"தம்பி, ஓடி வாங்கோ! குசினிக்குள்ள வெள்ளம், அரிசிச் சாக்கெல்லாம் நனைஞ்சுபோச்சு!"

மேசன் தடாகத்துக்குள் இறங்கிச் சுவரைத் தடவினார். ஒரு வெடிப்புக்குள் அவருடைய விரல் முழுதாகப் போனது.

"வெடிப்பு பழசுங்க. அந்த வெள்ளைதான் இவ்வளவு நாளும் அடைச்சு வச்சிருந்துச்சு."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. மாரிக்கு முன் இருவருமாக தடாகத்துக்குள் மண் நிரப்பி, கத்தரி நட்டோம்.