முன்சக்கரத்துச் சந்தனம்

இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் ட்ரைவராக இருந்தேன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பழைய டிரக் ஒன்று என் கையில் இருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. மலை உச்சியில் இருந்த பிரிவை மேல்கணக்கு என்போம். மழைக்காலத்தில் அங்கே ஏறி, பறித்த கொழுந்தை ஃபெக்டரிக்கு இறக்க அந்த வண்டியை விட்டால் வேறு வழி கிடையாது.

இந்தக் காலத்தில் ட்ரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் செய்கிறார். அந்த வண்டியில் அது நடக்காது. முன்சக்கரங்கள் இழுக்க வேண்டுமானால் இறங்க வேண்டும். சேற்றில் குனிந்து, சக்கரத்தின் நடுவில் இருக்கும் குமிழை 'லாக்' என்ற எழுத்துக்கு நேரே திருப்ப வேண்டும். பிறகு சுற்றிப் போய் மறுபக்கச் சக்கரத்திலும் அதே வேலை. ஹப் என்போம் அதை. மேடு தாண்டியதும் மறுபடி இறங்கி 'ஃப்ரீ'க்குத் திருப்ப வேண்டும். அதற்குள் காலில் அட்டை ஏறியிருக்கும். வெள்ளைக்காரர் போன பிறகும் தோட்ட நிர்வாகி எங்களுக்குத் துரைதான். பக்கத்துச் சீட்டில் இருக்கும் துரைமார் ஒருவரும் இறங்கியதில்லை. "என்னா சொணக்கம்?" என்று மட்டும் கேட்பார்கள்.

அந்த வருஷம் ஹப் இரண்டும் இறுகிப் போயின. முதலில் விரலுக்குத் திரும்பியவை, பிறகு குறடு போட்டால்தான் அசைந்தன. ஐப்பசி மழை பிடித்தபோது குறடுக்கும் மசியவில்லை. வண்டி பாதி மேட்டில் பின்னால் வழுக்கியது. மேல்கணக்குக் கொழுந்தைப் பெண்கள் தலையில் சுமந்து இறக்க வேண்டியதாயிற்று.

புதிதாக வந்திருந்த துரைக்கு என்னை முதல் நாளே பிடிக்கவில்லை. எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் நாங்கள் ஒத்துப்போனோம். கூப்பிட்டு நிறுத்தி, "வண்டியப் பாத்துக்கத் தெரியாதவன் நீ. திங்கக்கெழம முன் சக்கரம் ரெண்டும் இழுக்கணும். இல்லாட்டி சாவியக் குடுத்துட்டுக் கானு வெட்டப் போ" என்றார்.

"பதுளை கராஜுக்கு அனுப்பலாங்க" என்றேன்.

"அப்ப நீ எதுக்கு?"

தேயிலை மலையில் மழைநீர் வடியக் கானு வெட்டுவதை நான் கேவலமாக நினைத்தவன் இல்லை. என் அப்பா வெட்டியிருக்கிறார். ஆனால் அந்தச் சாவி எனக்குச் சும்மா வந்ததல்ல. க்ளீனராக இருந்து, கண்டவனிடமெல்லாம் திட்டு வாங்கி, லைசென்ஸ் எடுத்துப் பெற்ற சாவி. அதை ஒருவர் வந்த வேகத்தில் பிடுங்கிக்கொள்ள விடுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடியிருந்த லயத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, சாக்கை விரித்து உட்கார்ந்தேன். என் மனைவி மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்து பக்கத்தில் குந்தினாள். வாரமெல்லாம் கொழுந்து பறித்த கையும், பேசிய வாயும் ஒரு நாளாவது ஓய்ந்திருக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

போல்ட்டுகளைக் கழற்றி, மூடியை மெல்லத் தட்டி எடுத்தேன். குமிழைச் சுற்றியிருந்த இடுக்கில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு பொருக்கு, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. துரு என்றுதான் நினைத்தேன். அவள் கொண்டையூசியால் ஒரு துண்டு பெயர்த்து, விரலில் நசுக்கி மோந்து பார்த்தாள்.

"இது சந்தனங்க."

சந்தனமேதான். வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவி, மாலை போட்டு, பொட்டு வைப்போம். சக்கரத்துக்குப் பொட்டு வைக்க நட்ட நடுவில் இருக்கும் அந்தக் குமிழை விட்டால் வேறு எந்த இடம் தோதானது? எனக்கு முந்திய ட்ரைவர்கள் வீட்டிலும் அதைத்தான் செய்தார்கள். எங்கள் காலத்தில் வைத்தவள் இவள். "இன்னுங் கொஞ்சம் பெருசா வையி" என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான். அந்தச் சந்தனமெல்லாம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, மழைத்தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துத் துருவேற்றியிருந்தது. போதாக்குறைக்கு, ஃபெக்டரி மெஷினுக்குப் போடும் கட்டி கிரீஸை யாரோ அள்ளி அப்பியிருந்தார்கள். மலைக்குளிரில் அது மெழுகாக உறைந்து, உள்ளே நகர வேண்டிய பல் வளையத்தை நகரவிடாமல் பிடித்திருந்தது.

"சாமி கும்பிட்டதுக்கு நல்ல கூலி குடுத்திருக்கு" என்றேன்.

"சாமி என்னா பண்ணும்? நான் பொட்டு வச்சேன். மறுநா தொடைக்கிறது ஒங்க வேல."

அவளிடம் பேசி நான் ஜெயித்தது கிடையாது. ஆளுக்கொரு ஹப்பாக எடுத்துக்கொண்டோம். அவள் இடுக்குகளைச் சுரண்டினாள். நான் வளையத்தையும் ஸ்பிரிங்கையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, துருவை எமரித்தாளால் எடுத்தேன். துடைத்துக் காயவைத்து, விரல் நுனியால் கிரீஸை மெல்லத் தடவினேன். கிழிந்துபோன தாள் வாஷருக்குப் பதிலாகத் தேயிலைப் பெட்டித் தாளை வெட்டிப் போட்டேன். மூடிப் பூட்டியதும் அவள்தான் முதலில் திருப்பினாள். இரண்டு விரலுக்குத் திரும்பியது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை காலை ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு கலைந்ததும் துரை வந்து பக்கத்துச் சீட்டில் ஏறினார். மேட்டடியில் இறங்கி, ஹப் இரண்டையும் திருப்பி, உள்ளே வந்து நான்கு சக்கர லீவரைப் போட்டேன். முன்சக்கரங்கள் சேற்றைக் கவ்வி இழுத்தன. முந்தின வாரம் வழுக்கிய இடத்தை வண்டி சும்மா ஏறிக் கடந்தது.

"என்னா கோளாறு?" என்றார்.

துரு என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் ஆகாது. ஆனால் இவருக்குப் பயந்து எதை மறைக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அங்கேயே விட்டிருந்தால் எங்களுக்குள் எல்லாம் சரியாகியிருக்கும்.

"அப்ப ஒன் பொஞ்சாதிதான் வண்டியக் கெடுத்தது. நாளைக்குப் பெரட்டுல எல்லாருக்கும் முன்னால வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லு. கேட்டா சாவி ஒங்கிட்ட இருக்கும்."

அடுத்த வளைவில் சமனான இடம் பார்த்து வண்டியை நிறுத்தினேன். லீவரை எடுத்துவிட்டு இறங்கி, ஹப் இரண்டையும் 'ஃப்ரீ'க்குத் திருப்பினேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தேன்.

"சாவி வண்டியிலயே இருக்குங்க. ஹப் ரெண்டும் நல்லா இருக்கு. மேல ஏறணும்னா எறங்கித் திருப்பிக்குங்க."

நடையாகவே கீழே இறங்கினேன். வெகுநேரம் ஹார்ன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு என் மனைவிக்கு மேல்கணக்கில் வேலை. துரை தானே வண்டியை ஓட்டிக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்ததையும், வெள்ளைக் காலுறை முழங்கால்வரை செம்மண்ணாக இருந்ததையும் அவள் பார்த்திருக்கிறாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. அவள் சாயங்காலம் லயத்துக்கு வருவதற்குள், நாளையிலிருந்து எனக்குக் கானு வெட்டு என்று வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டக்கையா ஆளனுப்பியிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், அவளுக்காகத்தான் சாவியை விட்டேன் என்று.

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்காகவா? நீங்க சரின்னு தலையாட்டிட்டு வந்திருந்தாலும், நான் பெரட்டுல போயி நின்னுருக்க மாட்டேன்."